கூடுதுறைச் சீமை – 14: கசிவு நீரில் எழுந்த சந்தை

சென்ற இதழில் காலிங்கராயன் வாய்க்காலின் கரையோடு நடந்து வந்தோம். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீர் கண்ட மண் அது. நெல்லும் மஞ்சளும் வாழையும் அந்தக் கரை மக்களுக்குப் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து. இந்த இதழில் பவானியிலிருந்து மேற்கே திரும்பி, ஈரோட்டிலிருந்து சித்தோடு வழியாகக் கோபிக்குப் போகும் சாலையில் உள்ள கவுந்தப்பாடிக்குப் போகலாம். வரலாற்று நூல்கள் இந்த ஊருக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மிகக் குறைவு. ஆனாலும் பழனி மலைக்குப் போய்வந்த ஒவ்வொரு குடும்பமும் இந்த ஊரை ஏதோ ஒருநாள் நாவில் உணர்ந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனால் நான் சொல்வது புரியும். சுற்றுவட்டார ஆலைக்கொட்டகைகளிலிருந்து நாட்டுச் சர்க்கரை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டை ஒன்று 60 கிலோ. வியாபாரிகள் மூட்டையைக் குத்தி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார்கள். நிறம், மணல்போல உதிரும் தன்மை, ஈரம் எல்லாவற்றையும் அந்த ஒரு பிடியிலேயே எடைபோட்டு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பழனி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகத்தின் கொள்முதலும் நடக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழத்தோடும் தேனோடும் நெய்யோடும் சேர்வது இந்தச் சர்க்கரைதான்.

எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரைச் சுற்றிலும் பெரும்பகுதி மானாவாரிக் காடு. அந்தக் காடு கரும்புத் தோட்டமான கதைதான் இந்த இதழ். பலரும் ஒரே வரியில் “அணை கட்டினார்கள், தண்ணீர் வந்தது, கரும்பு விளைந்தது” என்று இதைச் சொல்லிவிடுவார்கள். உண்மை அவ்வளவு நேர்கோட்டில் இல்லை.

கொங்கு நாட்டு உழவர் தன் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவார். மழையை நம்பிய நிலம் காடு. கிணறு வெட்டிய நிலம் தோட்டம். வாய்க்கால் பாயும் நிலம் வயல். பவானி ஆற்றின் ஓரத்திலும் பழைய வாய்க்கால்களின் கீழும் வயல் உண்டு. அவற்றை விட்டுச் சற்று மேடேறினால் காடும் தோட்டமும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கம்பும் சோளமும் ராகியும் காட்டில் விளைந்தன. நிலக்கடலையும் எள்ளும் பருத்தியும் காசுக்கு விதைத்தவை. கரும்பு போட வேண்டுமென்றால் கிணறு வேண்டும். கிணறு இருந்தால் மட்டும் போதாது, அதிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர மாடும் ஆளும் வேண்டும்.

கவலை ஓட்டுவதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கிணற்று மேட்டில் உருளை பூட்டிய மரச்சட்டம். அதிலிருந்து தோட்டத்துப் பக்கம் சரிவாக இறங்கும் ஒரு பாதை. வடக்கயிற்றின் ஒரு முனையில் சால், மறு முனையில் இரண்டு காளைகள். மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடக்கயிற்றின் மேலேயே உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் மேலே வந்ததும் வால்கயிறு தளர்ந்து, சாலின் அடியில் தைத்த தோல்வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகளைப் பின்புறமாகவே மேடேற்ற வேண்டும். விடியுமுன் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே வேலைதான். இப்படி இறைத்த தண்ணீரில் ஒரு குடும்பம் காப்பாற்றக்கூடிய கரும்பு எவ்வளவு இருக்கும்? தோட்டத்தின் ஒரு மூலையில் கொஞ்சம். வீட்டுக்கு வெல்லம், சந்தைக்குச் சில மூட்டை. அவ்வளவுதான்.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு இந்தச் சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. தொடக்கத்தில் கோவைப் பகுதியை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்து, வடக்குப் பகுதியைப் பவானியிலிருந்தும் தெற்குப் பகுதியைத் தாராபுரத்திலிருந்தும் ஆண்டார்கள். 1804-இல் இரண்டையும் ஒன்றாக்கிக் கோயம்புத்தூரைத் தலைநகராக்கியதும் பவானியின் நிர்வாகப் பெருமை போயிற்று. இடையில் 1800-இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் இந்த வட்டாரத்தின் வழியே பயணம் செய்தார். பவானி, சத்தியமங்கலம், டணாயக்கன் கோட்டை என்று அவர் நடந்த பாதை ஏறக்குறைய ஆற்றைத் தொடர்ந்தே போகிறது. எந்த அணை, எந்த வாய்க்கால், எந்தப் பயிர், என்ன வரி என்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். கம்பெனியின் அக்கறை வருமானத்தில் இருந்தது. வருமானம் தண்ணீர் இருக்கும் இடத்தில் இருந்தது. ஆகவே ஆற்றோர ஊர்கள் ஏட்டில் ஏறின. மேட்டுக்காட்டு ஊர்கள் பெரும்பாலும் விடுபட்டன. கவுந்தப்பாடி போன்ற ஊர்களின் பழைய கதை நமக்கு ஏன் இவ்வளவு அரைகுறையாகக் கிடைக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மேட்டுக்காட்டின் நிலைமையை ஊரறிய வைத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் கோவை ஜில்லாவும் தப்பவில்லை. கிணறுகள் வற்றின. கவலை இழுத்த மாடுகள் தீவனமின்றிச் செத்தன. மாடு செத்தால் கிணற்றில் எஞ்சிய தண்ணீரும் மேலே வராது.

இதே காலத்தில் கடல் கடந்த ஒரு நாட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் 1865-ஆம் ஆண்டு, கடும் வறட்சிக்கு நடுவே, தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் நெடும்பயணம் போய், எதுவரை மழையை நம்பி விதைக்கலாம் என்று நிலப்படத்தில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குத் தெற்கே கோதுமை, வடக்கே மேய்ச்சல் மட்டும். சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. கோதுமை உழவர்கள் கோட்டைத் தாண்டி நிலம் கேட்டார்கள். ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று ஒரு நம்பிக்கையும் அப்போது பரவியிருந்தது. 1874-இல் அரசு அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. வடக்கே புதுப்புது ஊர்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று 1878-இல் மனை அளந்து நிறுவப்பட்ட ஃபரீனா. அங்கே ரயிலும் வந்தது. ஆனால் 1880-களின் வறட்சி வந்ததும் விதைத்த கோதுமை கருகியது, குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு தெற்கே திரும்பின. ஃபரீனா இன்று கல்சுவர் இடிபாடுகளாகக் கிடக்கிறது.

அந்த ஊரை நான் இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. கோய்டர் அளந்தது வானம் தரும் தண்ணீரை. அதன் எல்லையைத் தாண்டிய ஊர் நிலைக்கவில்லை. கவுந்தப்பாடியும் அப்படியொரு எல்லையில் நின்ற ஊர்தான். இங்கேயும் அளவைக்காரர்கள் வந்து ஒரு கோடு கிழித்தார்கள். ஆனால் எண்பது ஆண்டுகள் கழித்துக் கிழித்த அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடியது.

நடுவில் ஒரு சிறு திருப்பம். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியது. ஆலைகளுக்குப் போனது போக, கம்பி போன வழியில் இருந்த தோட்டங்களுக்கும் கிடைத்தது. கோவைப் பட்டறைகள் பம்புசெட் செய்யத் தொடங்கின. மாட்டுக்குப் பதில் மோட்டார் வந்தது. ஆனால் மோட்டார் தண்ணீரை உண்டாக்காது, வேகமாக வெளியே எடுக்கத்தான் செய்யும். கிணறு இன்னும் ஆழமாக வேண்டியிருந்தது.

கீழ்பவானித் திட்டத்தைப் பற்றி நெடுங்காலம் பேச்சுத்தான் இருந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஈரோட்டுப் பகுதியின் உறுப்பினராக இருந்த விடுதலைப் போராட்ட வீரர் எம்.ஏ. ஈஸ்வரன் அதை விடாமல் வற்புறுத்தினார் என்று கீழ்பவானி உழவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், மாயாறு வந்து பவானியோடு சேரும் இடத்துக்குக் கீழே வேலை தொடங்கியது. 1955-இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, அணை முடிந்தது. எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் கரை. 105 அடி நீர்மட்டம். ஏறத்தாழ 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. அணையிலிருந்து புறப்படும் வாய்க்கால் சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பகுதிகளைத் தொட்டுக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்ட எல்லைக்குள் போய் முடிகிறது. பாசனம் 2,07,000 ஏக்கர்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது முழுகிப்போன ஊர்களையும் சொல்லியாக வேண்டும். புக்கானன் நடந்துபோன டணாயக்கன் கோட்டை இப்போது அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. நீர்மட்டம் அடியோடு இறங்கும் வறட்சி ஆண்டுகளில் அங்கிருந்த மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் படம் போடும், மக்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். அங்கே காடு கழனியை விட்டு எழுந்து வந்த குடும்பங்களின் இழப்பில்தான் கீழே இரண்டு லட்சம் ஏக்கர் நனைகிறது. கவுந்தப்பாடிச் சர்க்கரையின் வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். கீழ்பவானி வாய்க்கால் நிலத்தின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும் மண் வாய்க்கால். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். மேட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. பள்ளத்துப் பக்கம் முழுவதும் ஆயக்கட்டு. 1955-க்கு முன் இரண்டு பக்கமும் ஒரே காடு, ஒரே கம்பு. அதன்பின் ஒரே பங்காளிக் குடும்பத்தில் வாய்க்காலுக்குக் கீழே பங்கு விழுந்தவர் ஒரு நிலைமையிலும் மேலே விழுந்தவர் வேறு நிலைமையிலும் நின்றார்கள். பெண் கேட்டுப் போகும் இடத்தில் “நிலம் வாய்க்காலுக்குக் கீழயா, மேலயாங்க?” என்று விசாரிப்பது வழக்கமானது.

ஆனால் வாய்க்கால் தண்ணீர் கரும்புக்கு வந்ததா என்றால், சட்டப்படி அதற்கென்று வரவில்லை. கீழ்பவானியில் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறந்து டிசம்பர் வரை நன்செய்க்குத் தண்ணீர். அடுத்த பாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கு முறைவைத்துத் தண்ணீர். அடுத்த ஆண்டு இந்த முறை மாறிவரும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நிலத்துக்கு ஆண்டில் நான்கு மாதத் தண்ணீர்தான். கரும்போ நிலத்தில் பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும் பயிர். கரணை ஊன்றிய நாளிலிருந்து வெட்டும் நாள்வரை ஈரம் வேண்டும். வெட்டிய பின் மறுதாம்பு விட்டால் இன்னோர் ஆண்டு. நான்கு மாத வாய்க்காலை நம்பிக் கரும்பு வைக்க எந்த உழவரும் துணிய மாட்டார்.

அப்படியானால் கவுந்தப்பாடியைச் சுற்றி இவ்வளவு கரும்பு எப்படி நின்றது? விடை கிணற்றில் இருக்கிறது. 200 கிலோமீட்டர் மண் வாய்க்காலின் அடியிலிருந்தும் கரையிலிருந்தும் ஒவ்வொரு நாளும் தண்ணீர் கசிந்தது. வயலில் கட்டிய தண்ணீரும் கீழே இறங்கியது. பாறைவரை போய்ப் பள்ளத்தை நோக்கி மெல்ல நகர்ந்த அந்த நீர், தாது வருஷத்தில் வற்றிக் கிடந்த கிணறுகளில் ஊறியது. கோடையில் அடிமண்ணைக் காட்டிய கிணறுகளில் இப்போது பாதிக்கிணறு தண்ணீர் நின்றது. தாழ்ந்த இடங்களில் அளவுக்கு மீறி ஊற்றெடுத்து நிலம் சேறாகிப்போன கதைகளும் உண்டு. பள்ளங்களிலும் ஓடைகளிலும் கசிவு நீர் ஓடி, அதை மறித்துப் பாய்ச்சிய ஊர்களும் உண்டு. வாய்க்கால் நான்கு மாதம் கொடுத்தது, கிணறு மீதி எட்டு மாதத்தைக் கொடுத்தது. அந்த எட்டு மாதத் தண்ணீரும் வாய்க்காலின் தண்ணீர்தான், மண்ணுக்குள் சுற்றி வந்தது என்பதைத் தவிர.

பொறியாளர்களின் கணக்கில் கசிவு என்பது இழப்பு. கவுந்தப்பாடியின் கணக்கில் அதுவே முதலீடு. இந்த ஊரின் சர்க்கரை வாணிபம் முழுவதும் அந்த இழப்பின் மேல்தான் எழுந்தது என்பது என் உறுதியான கருத்து.

கிணறும் மோட்டாரும் உயிர்நாடியானதால்தான் மின்கட்டணம் இந்தச் சீமையில் இவ்வளவு பெரிய போராட்டமாக வெடித்தது. 1970-இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட உழவர்கள் எழுந்தார்கள். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் உயிரிழந்தார்கள். 1972-இல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து சாலைகளை அடைத்தார்கள். உழவர் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் 1990-இல் வந்தது.

வாய்க்கால் தண்ணீர் வருவதற்கு முன்பே கரும்பும் மாறத் தொடங்கியிருந்தது. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் நாணலின் உறவான காட்டுக் கரும்போடு நாட்டுக் கரும்பைக் கலந்து உருவாக்கிய “கோ” வரிசை ரகங்கள் உலகெங்கும் போயின. முதல் ரகமான கோ 205 வெளிவந்தது 1918-இல். இன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் உழவர்கள் வாயில் அடிக்கடி அடிபடுவது கோ 86032. வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் பதம் நன்றாக வரும் ரகம் என்று பேர் வாங்கியது.

இனி ஆலைக்கொட்டகைக்குள் போகலாம். ஓலையோ தகரமோ வேய்ந்த நீளமான கொட்டகை. வாசலில் கரும்புக் குவியல். மூன்று உருளை இயந்திரத்தில் கரும்பைக் கொடுக்கக் கொடுக்கக் கரும்புப் பால் தொட்டியில் விழும். பிழிந்த சக்கையை வெளியே வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். கொப்பரைக்கு அதுதான் எரிபொருள், விறகு தேவையில்லை. அகன்ற இரும்புக் கொப்பரையில் பால் கொதிக்கத் தொடங்கியதும் சுண்ணாம்புத் தண்ணீர் விடுவார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை நீண்ட கைப்பிடி போட்ட சல்லடைக் கரண்டியால் வழித்து வழித்து எடுப்பார்கள். முன்பெல்லாம் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கிப் போட்டும் அழுக்கெடுத்தார்கள். பொங்கி வழியப் பார்த்தால் துளி எண்ணெய் விட்டால் போதும், அடங்கிவிடும்.

கடைசிக் கால் மணி நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. பாகு கெட்டியாகிக் குமிழிகள் பெரிதாகி மெதுவாக உடையும். கொப்பரைக்காரர் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். “பதம் ஆச்சுங்களா?” என்று தோட்டக்காரர் கேட்பார். “இன்னொரு கொதி வரோணுங்க” என்பார் அவர். அந்த நேரத்தில் கொட்டகையில் அவர் சொல்வதுதான் சட்டம். ஒரு கொதி முந்தினால் சர்க்கரை ஈரமாகி மூட்டையில் கட்டிப்படும். ஒரு கொதி பிந்தினால் கருகிக் கசக்கும். பதம் வந்ததும் கொப்பரையைச் சாய்த்து மரத் தொட்டியில் ஊற்றுவார்கள். வெல்லத்துக்கானால் ஆறியதும் உருண்டை பிடிப்பார்கள் அல்லது அச்சில் கொட்டுவார்கள். சர்க்கரைக்கு அப்படியில்லை. ஆறும்போதே மரத்துடுப்பால் விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு மங்கி, இறுகி, திடீரென்று பொலபொலவென உதிரும். ஒரு டன் கரும்புக்கு ஏறத்தாழ 100 கிலோ கிடைக்கும். பக்கத்துச் சித்தோடு வெல்லத்துக்குப் பேர் போனது. கவுந்தப்பாடி சர்க்கரைக்கு. ஒரே பால், ஒரே கொப்பரை, கடைசி நிமிடத்தின் கைவேலையில் இரண்டு சந்தைகள்.

இந்தக் கொட்டகைகளில் அடுப்பு முன் நிற்பவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லை. கரும்பு வெட்டுபவர், சுமப்பவர், சக்கை காயவைக்கும் பெண்கள் என்று குடும்பமாகவே கொட்டகையோடு தங்கி வேலை செய்வார்கள். சீசனுக்கு முன் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கவே பாதி வேலை போய்விடும். ஊர் வரலாறு எழுதும்போது தோட்டக்காரரின் பேரையும் வியாபாரியின் பேரையும் எழுதுகிறோம். பதம் பார்த்த விரலுக்கு உரியவரின் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் குறை இந்தத் தொடருக்கும் உண்டு, அதை எப்படியாவது தீர்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாட்டுச் சர்க்கரைக்கு எதிரே பெரிய போட்டி பக்கத்திலேயே வந்தது. பொள்ளாச்சி நா. மகாலிங்கம் 1961-இல் தொடங்கிய சக்தி சர்க்கரை ஆலை, 1964-இல் பவானி ஆற்றங்கரையில் ஆப்பக்கூடலில் அரவையை ஆரம்பித்தது. உழவருக்கு இப்போது இரண்டு வாசல். பெரிய ஆலைக்குப் பதிவு செய்தால் வெட்டு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும், விலையை அரசு நிர்ணயிக்கும், பணம் பிறகு வரும். கொட்டகையில் காய்ச்சினால் நமக்கு வேண்டிய நாளில் வெட்டலாம், சனிக்கிழமை ஏலத்தில் விலை தெரிந்துவிடும், ஆனால் விலை இறங்கினால் தாங்குவதற்கு யாரும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன் சர்க்கரை விலை ஏறும், பிறகு சரியும். இரண்டு வாசலும் திறந்திருந்தவரை உழவரின் கை ஓங்கி இருந்தது. ஒன்று அடைபடும்போதெல்லாம் தாழ்ந்தது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டணத்து வாடிக்கையாளருக்கு வெளுத்த மஞ்சள் நிறம் வேண்டும் என்ற ஆசை வந்தபிறகு சில கொட்டகைகளில் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருள் நுழைந்தது. கரும்பு கிடைக்காத நாளில் அஸ்கா எனப்படும் வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சும் பழக்கமும் வந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் கவுந்தப்பாடி, சித்தோடு வட்டாரக் கொட்டகைகளில் சோதனை நடத்திக் கலப்படச் சரக்கைப் பிடித்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. இது ஊருக்கு நேர்ந்த அவமானம். முறையாகக் காய்ச்சும் பெரும்பாலோரின் உழைப்புக்கு இழைக்கும் துரோகம். கரும்புப் பாலை எதுவும் கலக்காமல் காய்ச்சினால் சர்க்கரை பழுப்பாகத்தான் இருக்கும். பழுப்பை வாங்கப் பழகினால் கலப்படம் தானாகவே பாதி குறையும்.

2020-இல் தமிழக அரசு கீழ்பவானி வாய்க்காலைச் சீரமைக்க 709.60 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஆணையிட்டது. கரையிலும் சில இடங்களில் தளத்திலும் கான்கிரீட் போடுவது அதில் ஒரு பகுதி. உடனே உழவர்கள் இரண்டு அணியானார்கள். கடைமடையில் இருப்பவர்கள் வரவேற்றார்கள். ஆண்டுதோறும் தங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் முறையே முடிந்துவிடுகிறது, பல இடங்களில் கரை உடைகிறது, கான்கிரீட் போட்டால்தான் எங்களுக்கு விடிவு என்றார்கள். வாய்க்காலுக்குக் கீழே கசிவு நீரில் பண்ணையம் செய்பவர்கள் எதிர்த்தார்கள். கான்கிரீட் போட்டால் கிணறு வற்றும், ஓடை வற்றும், குடிநீரே போய்விடும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது.

கடைமடைக்காரரின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆயக்கட்டில் பெயர் இருந்தும் தண்ணீர் பார்க்காத நிலம் அவருடையது. அவருக்கு வர வேண்டிய பங்கைக் கரை உடையாமல் கொண்டுசேர்ப்பது அரசின் கடமை. ஆனால் கசிவு நீர் வீணாகிறது என்று சொல்பவர்கள் கவுந்தப்பாடிப் பக்கம் ஒருமுறை வந்து, சித்திரை மாதத்தில் வாய்க்கால் அடைத்தபின் கிணறுகளை எட்டிப் பார்க்க வேண்டும். எழுபது ஆண்டுகளாக அந்தத் தண்ணீரை நம்பி ஒரு பயிரும் ஒரு தொழிலும் ஒரு சந்தையும் வளர்ந்திருக்கின்றன. உடையும் கரைகளைப் பலப்படுத்துவதற்கும் முழு வாய்க்காலையும் அடைத்துப் பூசுவதற்கும் நிறைய தூரம் உண்டு. மண் வாய்க்கால் மண் வாய்க்காலாகவே இருந்து, உடைப்பு எடுக்கும் இடங்களை மட்டும் கட்டி, மதகுகளை ஒழுங்காக ஆள்போட்டு நிர்வகித்தால் இரண்டு தரப்புக்கும் தண்ணீர் கிடைக்கும் என்றே நான் நம்புகிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1948-க்கும் 1955-க்கும் இடையில் அணையிலும் வாய்க்காலிலும் மண் வெட்டியவர்கள், முழுகிய ஊர்களிலிருந்து வந்தவர்கள், கவலை ஓட்டியவர்கள், கொப்பரையில் பதம் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இன்னும் இருக்கலாம். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், தேதியும் ஊரும் பேரும் போட்டு எழுதி வையுங்கள். பழைய தண்ணீர்த் தீர்வை ரசீது, ஏலச் சீட்டு, பம்புசெட் வாங்கிய பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த இதழில் ஆற்றைக் கடந்து அந்தியூர்ச் சந்தைக்குப் போகிறோம்.